இந்திரா நகர் க்ராஃப்ட் பீர்: ஒரு சனிக்கிழமைல எத்தன இடம் போகலாம்?

#1 கோவை_கதிரு

வணக்கங்க எல்லாருக்கும். நாங்க மூணு பேரு, காலேஜ்ல இருந்தே ஒன்னா இருக்கறவங்க, அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை பெங்களூரு வர்றோம். வெள்ளி ராத்திரி பஸ் ஏறுனா விடியறப்ப மடிவாளால எறக்கி விட்டுருவான், ஞாயித்துக்கிழம ராத்திரி திரும்ப பஸ்ஸு. நம்மூர் டாஸ்மாக்ல கெடைக்கறது அதே நாலஞ்சு பாட்டில்தானுங்க, அங்க அந்தந்த எடத்துலயே காய்ச்சி டேங்க்ல இருந்து நேரா ஊத்தித் தர்றாங்கன்னு கேள்விப்பட்டு ரொம்ப நாளா ஆசை. நான் போட்ட லிஸ்ட்டு: டோயிட், ஆர்பர், பியர் கிளப், வின்ட்மில்ஸ், பிக் ப்ருவ்ஸ்கி. அஞ்சும் ஒரே சனிக்கிழமைல முடிச்சுப்போட்டு ஞாயிறு சும்மா ஊர் சுத்தலாம்னு பிளானு. எதுல ஆரம்பிச்சு எதுல முடிக்கலாம்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். எங்கள்ல ஒருத்தன் குடிக்க மாட்டானுங்க, ஆனா கூட வர்றான்.

#2 அல்சூர்_ஏரிக்கரை

கதிரு அண்ணா நான் பொறந்ததே அல்சூர்தான், இந்திரா நகர் நமக்கு ரெண்டு மெட்ரோ ஸ்டாப்புக்குள்ள. லிஸ்ட்ட பாத்தேன், மேப்ல பக்கத்து பக்கத்துல தெரியுதுன்னு போட்டிருக்கீங்க போல. பிக் ப்ருவ்ஸ்கி ஒன்னு ஹென்னூர்ல ஒன்னு சர்ஜாபூர் ரோட்ல, ரெண்டும் ரெண்டு மூலை. வின்ட்மில்ஸ் ஒயிட்ஃபீல்டு. சனிக்கிழமை சாயந்திரம் இந்த மூணு தெசைக்கும் கார்ல சுத்துனீங்கன்னா குடிச்ச நேரத்தவிட சிக்னல்ல நின்ன நேரம்தான் ஜாஸ்தியா இருக்கும்.

என் பேச்ச கேளுங்க, ரெண்டே இடம். மதியம் டோயிட், அது நூறடி ரோட்ல, இந்திரா நகர் மெட்ரோல இறங்குனா நடந்தே போயிடலாம். அங்க ஒரு ரெண்டு ரெண்டரை மணி நேரம் உக்காருங்க. அப்புறம் திரும்பவும் பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடிச்சு அல்சூர், டிரினிட்டி, மூணாவது ஸ்டாப்பு எம்ஜி ரோடு, அங்கருந்து மேக்ரத் ரோட்ல ஆர்பர். கார் வேணாம், கேப் வேணாம். நடுவுல அல்சூர்ல இறங்கி ஏரிக்கரைல கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போங்க, வயிறும் இறங்கும்.

#3 கோவை_கதிரு

நன்றிங்க. ஆனா வர்றதே வருஷத்துக்கு ஒருவாட்டி, ரெண்டு எடம் மட்டும் பாத்துட்டு திரும்புனா மனசு ஆறுமான்னு தெரியலைங்க. ஒவ்வொரு எடத்துலயும் ஒரே ஒரு கிளாஸ் குடிச்சாலும் அஞ்சு கிளாஸ்தானே வருது, அது ஒன்னும் பெருசு இல்லையே?

#4 மால்ட்_மீனா

கதிர், நான் ஃபுட் டெக்னாலஜி படிச்சுட்டு ஒரு மைக்ரோப்ருவரில கொஞ்ச வருஷம் வேலை பாத்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

ஒரு இடத்துல ஒரே கிளாஸ் குடிச்சா அந்த இடத்த பத்தி உங்களுக்கு ஒன்னுமே தெரியாது. ஒரு ப்ருவரிங்கறது ஒரே பீர் கிடையாது, ஒரே சமயத்துல அஞ்சாறு டேப் (பீர் ஊத்துற குழாய்) ஓடும், அஞ்சாறும் வேற வேற தானியம் வேற வேற ஈஸ்ட். அதனால போனதும் முழு கிளாஸ் சொல்லாதீங்க, சாம்ப்ளர் இருக்கான்னு கேளுங்க. சின்னச் சின்ன கிளாஸ்ல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வரும், மூணு பேருக்கும் சேத்து ஒன்னு போதும். அதுல எது பிடிக்குதோ அத அப்புறம் முழுசா வாங்கிக்கோங்க.

குடிக்கிற வரிசையும் முக்கியம். லேசானதுல ஆரம்பிச்சு கனமானதுக்குப் போகணும். முதல்ல பிளாண்ட், கோதுமை பீர், அப்புறம் ரெட் ஏல், அப்புறம் ஸ்டௌட்ங்கற கறுப்பு பீர், கசப்பு தூக்கலான ஐபிஏ கடைசி. ஐபிஏவோட கசப்பு நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா அதுக்கப்புறம் கோதுமை பீர் குடிச்சா தண்ணி மாதிரி இருக்கும், பாவம் அந்த பீர் மேல தப்பே இல்ல.

கோதுமை பீர்னு சொன்னேன்ல, ஹெஃபவைசன்னு போர்டுல போட்டிருப்பாங்க, சில இடத்துல வைஸ்னு. அத கிளாஸ மூக்குகிட்ட வச்சு மோந்து பாருங்க, நல்லா கனிஞ்ச வாழப்பழ வாசனை வரும், பின்னாடி லேசா கிராம்பு. பழமும் போடல கிராம்பும் போடல. அந்த ஈஸ்ட் புளிக்கிறப்ப தானா உண்டாகுற வாசனை அது, வாழப்பழத்துக்குள்ள இருக்கிற அதே ஐசோஅமைல் அசிடேட்தான் பீர்லயும். கலங்கலா இருக்கேன்னு பயப்படாதீங்க, வடிகட்டாம விட்ட ஈஸ்டும் கோதுமைப் புரதமும்தான் அது, அப்படித்தான் இருக்கணும்.

இன்னொன்னு, பீர்ல ஏல், லாகர்னு ரெண்டு பெரிய வகை, அங்க ஏன் லாகர் கம்மியா ஏல் ஜாஸ்தியா இருக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க. ஏல் கிட்டத்தட்ட இருபது டிகிரில சீக்கிரம் புளிச்சு ரெண்டு மூணு வாரத்துல கிளாஸுக்கு வந்துடும். லாகர பத்து டிகிரி பக்கம் குளிர்ல மெதுவா புளிக்க விட்டு, அப்புறமும் வாரக்கணக்குல குளிர்லயே கிடக்க விடணும். நாலஞ்சு டேங்க் மட்டும் வச்சிருக்கிற இடத்துல ஒரு டேங்க்க அத்தன நாள் லாகருக்கு குடுத்துட்டா மத்தத எங்க காய்ச்சுறது. அதனால ஒரு இடத்துல சுத்தமா ஒரு பில்ஸ்னர், அதுவும் லாகர்தான், கிடைச்சா அத விடாதீங்க, அத அங்க ஒருத்தர் பொறுமையா காத்திருந்து பண்ணிருக்காங்கன்னு அர்த்தம்.

#5 மதுர_பாண்டி

எல்லாரும் நல்லா எழுதுறீங்க ஆனா ஒரு விஷயத்த யாரும் சொல்லல. வெல. அங்க ஒரு கிளாஸ் முந்நூறு நானூறுன்னு போகுது, மூணு பேரு ரெண்டு எடம் போயி சாப்பாடும் சேத்தா அஞ்சாயிரத்த தொட்டுரும். அந்தக் காசுக்கு நம்ம கடைல ஸ்ட்ராங் பீர் ஒரு பெட்டியே வாங்கலாம்ல. நானும் ஆபீஸ்ல கூட்டிட்டுப் போறாங்கன்னு ரெண்டு தடவ போயிருக்கேன், நல்லாத்தேன் இருக்கு, இல்லங்கல, ஆனா அந்த வெலைக்கு என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

#6 மால்ட்_மீனா

> அந்த வெலைக்கு என்ன இருக்குன்னு

பாண்டி அண்ணே நியாயமான கேள்வி. ஸ்ட்ராங் பீர்ங்கறது ஏழு எட்டு சதவீதம் ஆல்கஹால், நிறைய பேரு அத ருசிக்காக வாங்கறதில்ல, சீக்கிரம் ஏறணும்னு வாங்குறாங்க. அத நல்லா சில்லுனு பண்ணிக் குடிக்கிறதே ருசி தெரியக்கூடாதுன்னுதான். ப்ருவரில ஊத்துற கோதுமை பீர் பெரும்பாலும் அஞ்சு சதவீதம் பக்கம்தான் இருக்கும். போதைக்கு எவ்வளவு காசுன்னு கணக்கு போட்டா இது கண்டிப்பா நட்டம்தான்.

காசு எங்க போகுதுன்னா, கசப்புக்கும் வாசனைக்கும் போடற ஹாப்ஸ் பூ பெரும்பாலும் ஜெர்மனியில இருந்தும் அமெரிக்காவுல இருந்தும் வருது, நல்ல மால்ட்டும் (முளைகட்டி காயவச்ச தானியம்) வெளிய இருந்து வருது. சின்ன சின்னதா காய்ச்சுறதால பெரிய ஃபேக்டரிக்கு ஆகுற செலவுக் கணக்கு இங்க ஒத்து வராது. அதுவும் போக பாட்டில் பீர் பல மாசம் கெடாம இருக்கணும்னு சூடு பண்ணி அடைக்கிறது, அதுல வாசனை கொஞ்சம் போயிடும். ஹாப்ஸ் வாசனை நாளாக நாளாக செத்துக்கிட்டே இருக்கிற ஒன்னு. டேங்க்ல இருந்து இருபது அடி தூரத்துல உக்காந்து குடிக்கிறதுக்குத்தான் அந்த விலை. அது வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு நிஜமாவே தேவையில்லாத செலவு, நான் சண்டை போட மாட்டேன்.

#7 மதுர_பாண்டி

சரித்தா, இப்ப வெளங்குது. நான் போன ரெண்டு தடவையும் மெனு கார்டுல மொத பேரு என்னவோ அத சொல்லிட்டு ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தேன். வாழப்பழ வாசனைய அடுத்த தடவ மோந்து பாக்குறேன்.

#8 ஹூடி_ஜங்ஷன்

ஒயிட்ஃபீல்டுக்காக நான் வக்காலத்து வாங்குறேன். வின்ட்மில்ஸ் 2012ல இருந்து இருக்கு, உள்ள சுவரு முழுக்க புத்தக அலமாரி, ஜாஸ் கச்சேரி கேக்கறதுக்குன்னே வர்ற கூட்டம் இருக்கு. அல்சூர் தம்பி சிக்னல்னு பயமுறுத்துறாரு, அது பழைய கதை, 2023ல பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் முழுசா சேந்துடுச்சு, இந்திரா நகர்ல ஏறுனா மெட்ரோலயே வந்துட்டு கடைசில கொஞ்ச தூரம் ஆட்டோ. ஆனா அத சனிக்கிழமையோட சேக்காதீங்க. ஞாயிறு மதியம் தனியா வைங்க, அங்க அவசரப்பட்டா அந்த இடத்துக்கே அர்த்தம் இல்ல.

#9 பிரேசர்டவுன்_பெரியவர்

தம்பிங்களா, நான் ரிட்டையர் ஆனவன், இந்த ஊர்ல அறுபது வருஷம் ஆச்சு. பியர் கிளப் போறவங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அந்தப் பக்கம் பளபளன்னு நிக்குதே யூபி சிட்டி, அது இருக்கிற மண்ணுல முன்னாடி நிஜமாவே பீர் ஃபேக்டரி இருந்துச்சு. கண்டோன்மென்ட்ல இருந்த வெள்ளக்கார பட்டாளத்துக்கு பீர் வேணும், கப்பல்ல வர்றதுக்கு மாசக்கணக்கு, அதனால தென்னிந்தியாவுலயே அங்கங்க காய்ச்ச ஆரம்பிச்சாங்க, நீலகிரிலயும் காய்ச்சினாங்க. அப்படி இருந்த அஞ்சு பழைய ப்ருவரிய ஒன்னா சேத்து 1915ல தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் ப்ருவரீஸ், அதான் யூபி, ஆரம்பிச்சார். 1947ல விட்டல் மல்லையா அதுல டைரக்டர் ஆனார், இப்ப யூபி சிட்டி இருக்கிற ரோட்டுக்கே அவர் பேருதான். இந்தப் புது ஆளுங்க 2010ல டோயிட், 2011ல பியர் கிளப், 2012ல ஆர்பர்னு வரிசையா வந்தப்ப நிறைய பேரு இது ரெண்டு வருஷ ஃபேஷன்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. இந்த ஊர் காத்துல மால்ட் வாசனை நூறு வருஷமா இருந்ததுதான்.

#10 அல்சூர்_ஏரிக்கரை

ஐயா சக்கத்தா எழுதிருக்கீங்க. எங்க தாத்தாவும் கண்டோன்மென்ட் கதை சொல்லுவாரு, இந்த அஞ்சு ப்ருவரி சேந்த விஷயம் எனக்குத் தெரியாது.

#11 செங்கை_தமிழாசிரியர்

நான் குடிக்கறதில்ல, தலைப்ப பாத்து உள்ள வந்தேன். ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போறேன். டோயிட் மெனுவுல பாஸ்மதி பிளாண்ட்னு அரிசி போட்டு காய்ச்சுற பீர் இருக்குன்னு என் பழைய மாணவன் ஒருத்தன் சொன்னான், ரொம்ப புதுசான யோசனைன்னு வியந்தான். அரிசில காய்ச்சுறது நமக்கு புதுசு இல்ல. சங்கப் பாட்டுல தோப்பின்னு வருது, நெல்லுல இருந்து வீட்டுலயே செய்யற கள்ளுக்கு அதான் பேரு. அரிசிக் கூழ அகல வாய்ப் பாத்திரத்துல ஆறவிட்டு, முளையரிசிய சேத்து, சாடில ஊத்தி ரெண்டு நாள் புளிக்க வைக்கிற முறை வரைக்கும் பாட்டாவே இருக்கு. முளைகட்டின தானியம்னா அதுதானே மால்ட்டு. அங்க போய் அந்த கிளாஸ கைல எடுக்கிறவங்க அந்தச் சொல்ல ஒருதரம் நெனச்சுக்கோங்க, அதுக்காகத்தான் எழுதினேன்.

#12 மால்ட்_மீனா

சார், வேலைல இருந்த அத்தன வருஷத்துல எனக்கு யாரும் இத சொன்னதில்ல. முளையரிசி சேத்தாத்தான் மாவுச்சத்து சர்க்கரையா உடையும், அப்புறம்தான் ஈஸ்டுக்கு வேலை, அப்ப அவங்க இத தெரிஞ்சுதான் பண்ணிருக்காங்க. ரொம்ப நன்றி.

#13 சனிக்கிழமை_சுபா

நாங்க நாலு பொண்ணுங்க அடிக்கடி போவோம், அதனால ஒரு ரெண்டு மூணு விஷயம். மதியம் பன்னெண்டுல இருந்து நாலுக்குள்ள போறது சொர்க்கம், குடும்பமா வந்து சாப்பிடுவாங்க, பேசறது காதுல விழும், ஊத்தறவங்ககிட்ட நின்னு கேள்வி கேக்கலாம், அவங்களும் ஆசையா பதில் சொல்லுவாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல சனிக்கிழமைல எந்த இடமா இருந்தாலும் பாட்டு சத்தமும் கூட்டமும், பீர் ருசி பாக்க அது நேரமே இல்ல. டேபிள் முன்னாடியே புக் பண்ணிடுங்க. ஐடி கார்டு எல்லாரும் வச்சுக்கோங்க, பாக்க சின்னப் பசங்க மாதிரி இருந்தா கேப்பாங்க. பில்லுல சர்வீஸ் சார்ஜ் இருந்தா அது கட்டாயம் இல்ல, மத்திய நுகர்வோர் ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு, எடுத்துடுங்கன்னு சொன்னா எடுக்கணும். பிடிச்சிருந்தா டிப்ஸ நேரா ஊத்தினவங்க கைல குடுங்க.

அப்புறம் தேர்தல் சமயமான்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க. ஓட்டுப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரம் ஓட்டு நடக்கற பகுதில எங்கயும் ஊத்த மாட்டாங்க. அக்டோபர் 2ம் அப்படித்தான். எங்க ஃப்ரெண்டு ஒருத்தி திருச்சில இருந்து இதுக்குன்னே வந்து, எலக்ஷன் நாள்ல மாட்டி, எலுமிச்சம்பழ சோடா குடிச்சுட்டுப் போனா, எனக்கு இன்னிக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

#14 ஹூடி_ஜங்ஷன்

கார் வேணாம்னு அல்சூர் தம்பி சொன்னத நான் இன்னும் அழுத்தி சொல்றேன். நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் லிமிட். ஒரு பெரிய கிளாஸுலயே சில பேருக்கு தாண்டிடும். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபா ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஃபைன விடுங்க, என் கூட வேலை பாத்த பையன் ஒருத்தன் ரெண்டு பீர்தானேன்னு பைக் எடுத்து இப்ப ஒரு கால் வளையாம நடக்கிறான். குடிக்காத ஃப்ரெண்டு இருக்கானேன்னு அவன் தலைல டிரைவர் வேலைய கட்டாதீங்க, அவனும் ஊர் பாக்கத்தான் வர்றான்.

#15 கோவை_கதிரு

அவன ஓட்டச் சொல்ற எண்ணமே இல்லைங்க. எல்லாத்தையும் படிச்சுட்டு எங்க குரூப்ல பேசுனோம், அஞ்ச ரெண்டா கொறச்சாச்சு. ஒரு சந்தேகம், பீரு கெட்டுப் போயிருந்தா எப்படி கண்டுபிடிக்கறதுங்க? புளிப்பா இருந்தா அது ஸ்டைலா, கெட்டதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

#16 மால்ட்_மீனா

நல்ல கேள்வி. புளிப்பு பீர்னே ஒரு வகை இருக்கு, ஆனா அதுல எலுமிச்ச தயிர் மாதிரி தெளிவான புளிப்பு இருக்கும், போர்டுலயே சவர்னு போட்டிருப்பாங்க. போடாத பீர்ல வினிகர் வாசனை வந்தா டேப் லைன, அதாவது டேங்க்ல இருந்து பீர் வர்ற குழாய, சரியா கழுவலன்னு அர்த்தம். பாப்கார்ன்ல ஊத்துற வெண்ணெய் வாசனை தூக்கலா வந்தா பீர் முழுசா முதிராம அவசரமா எடுத்திருக்காங்க, இல்ல லைன்ல அழுக்கு. கிளாஸ் ஓரத்துல உள்பக்கமா குமிழி ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ் சுத்தம் இல்ல.

நான் ஒருதரம் ஒரு இடத்துல (பேரு வேணாம்) ரெட் ஏல்ல வினிகர் வாசனை வந்து திருப்பி குடுத்தேன், அது அப்படித்தான் இருக்கும் மேடம்னு சாதிச்சாங்க. அப்படி சொன்னா வாதாடாதீங்க, வேற பீர் ஒரு வாய் டேஸ்ட் குடுங்கன்னு கேளுங்க. நல்ல இடம்னா ஒரு கேள்வியும் கேக்காம மாத்திக் குடுத்துட்டு உள்ள போய் அந்த லைன பாப்பாங்க.

#17 கோவை_கதிரு

போயிட்டு வந்தாச்சுங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், ஏன்னா நீங்கல்லாம் அவ்வளவு எழுதுனீங்க.

மடிவாளால ஆறு மணிக்கு எறங்குனோம், ரூம்ல தூங்கி எந்திரிச்சு நல்லா இட்லி சாப்டுட்டு பன்னெண்டரைக்கு டோயிட். கூட்டம் இல்ல, டேங்க்கு கண்ணுக்கு நேரா தெரியற மாதிரி டேபிள் கெடச்சுது. சின்ன கிளாஸ்ல எல்லாத்தையும் வாங்கி மீனாக்கா சொன்ன வரிசைல வச்சோம். மொதல்ல பாஸ்மதி பிளாண்ட். நான் ஒரு வாய் குடிச்சுட்டு தோப்பின்னு சொன்னேன், கூட இருந்தவனுக்கு ஒன்னும் புரியல, அப்புறம் ஆசிரியர் எழுதுனத ஃபோன்ல காட்டுனேன், ரெண்டு பேரும் படிச்சு முடிக்கற வரைக்கும் அந்த கிளாஸ யாரும் தொடவே இல்ல.

அடுத்தது வைஸ். வாழப்பழம் வந்துச்சுங்க!! நேந்திரம் மாதிரி இல்ல, நல்லா கறுப்பு புள்ளி விழுந்த பூவம்பழம் மாதிரி. குடிக்காத நம்மாளையும் மோந்து பாக்க வச்சோம், அவன்தான் கிராம்ப மொதல்ல கண்டுபிடிச்சான், அவங்கம்மா பிரியாணிக்கு மசாலா வறுக்கறப்ப கூடவே நின்னு வளந்தவன். அதுக்கப்புறம் ஒவ்வொரு கிளாஸும் மொதல்ல அவன் மூக்குக்குத்தான் போச்சு. டின்டின் டோயிட்னு ஒரு பீர்ல கொத்தமல்லி வெதைன்னு பட்டுனு சொன்னான், ஊத்துனவரு ஆச்சரியப்பட்டு, ஆமா சார், கொத்தமல்லி வெதையும் ஆரஞ்சு தோலும் போடறோம்னாரு. ரசத்துக்கு போடற அதே மல்லி. ஸ்டௌட்டு எனக்கு பிடிக்கும்னு நெனக்கவே இல்ல, கறுப்பா இருக்கறதால ரொம்ப கனமா இருக்கும்னு பயந்தேன், பாத்தா நல்லா வறுத்த காப்பிக்கொட்டைய வாய்ல போட்ட மாதிரி, வயித்துல லேசா எறங்குச்சு. நான் முழு கிளாஸ் வாங்குனது அதுதான்.

மூணு மணிக்கு கெளம்பி அல்சூர்ல எறங்கி ஏரிக்கரைல ஒரு மணி நேரம் உக்காந்தோம். தம்பி நீங்க சொல்லலைன்னா இத பண்ணியிருக்கவே மாட்டோம். காத்துல தல தெளிஞ்சுது, பசியும் வந்துருச்சு. அஞ்சு மணிக்கு ஆர்பர். அமெரிக்கால மிச்சிகன்ல ஆன் ஆர்பர்னு ஒரு ஊர்ல இருக்கற ப்ருவரியோட பேருதானாம் அது, இங்க வந்து நம்ம ஊர் ஆளுங்க நடத்தறாங்க. அங்க ரேஜிங் எலிஃபண்ட்னு ஐபிஏ. மொத வாய் கசப்பு தாங்கல, நெஜமாலுமே மொகம் சுளிச்சுட்டேன். அஞ்சு நிமிஷம் விட்டு ரெண்டாவது வாய் குடிக்கறப்ப கசப்புக்கு பின்னாடி சாத்துக்குடி தோல் உரிக்கறப்ப கைல தெறிக்குமே அந்த வாசனை. அதுக்குள்ள கிளாஸ் பாதி ஆயிருச்சு. அது கொஞ்சம் ஸ்ட்ராங்குங்க, ஒன்னோட நிறுத்திக்கிட்டேன்.

மொத்தம் ஆளுக்கு எவ்வளவு குடிச்சோம்னு கணக்கு போட்டா ரெண்டரை கிளாஸுக்கு மேல வராது. ராத்திரி ஒன்பதுக்கு ரூமுக்கு வந்து பன்னெண்டு மணி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம், காலைல ஒருத்தனுக்கும் தலைவலி இல்ல. போன வருஷம் கோவா போனப்ப நாலு நாள் எங்க போனோம்னே எனக்கு சரியா ஞாபகம் இல்லைங்க, இந்தத் தடவ ஒவ்வொரு கிளாஸும் வரிசையா சொல்லுவேன். ஞாயிறு வின்ட்மில்ஸ் போலாம்னு இருந்தோம், ஆனா காலைல எந்திரிச்சு பசவனகுடி பக்கம் தோசை சாப்புட போயி அங்கயே மதியம் ஆயிருச்சு. அது பாக்கி.

#18 மதுர_பாண்டி

தம்பி அந்த குடிக்காத பையன் மூக்கு இருக்கே, அத விட்றாதீக. நானும் நேத்து ஆபீஸ் விட்டு போயி மோந்து பாத்தேன். வாழப்பழம் இருக்கு. ரெண்டு தடவ குடிச்சும் எனக்குத் தெரியாமப் போச்சே.

#19 மால்ட்_மீனா

கதிர், உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க, ப்ருவரில ருசி பாக்குறதுக்குன்னே குழு வச்சிருப்பாங்க, அதுல மூக்குதான் பாதி வேலை. ஏப்ரல் மே பக்கம் திரும்ப வர முடிஞ்சா வாங்க, சில இடத்துல மாம்பழம் போட்டு காய்ச்சுவாங்க, சீசன் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுடும். எந்த மாம்பழம் போட்டாங்கன்னு அவரு சொல்றாரான்னு பாக்கணும்.

#20 கோவை_கதிரு

இப்பத்தான் அவனுக்கு ஃபோன் போட்டு சொன்னேன்ங்க. மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமைக்கு பஸ் டிக்கெட் அவனே போடறேன்னு சொல்லிட்டான், மடிவாளா வேணாம், இந்திரா நகர் பக்கமே ரூம் பாருன்னான். ஹூடி அண்ணா, ஞாயிறு மதியம் வின்ட்மில்ஸ், நீங்களும் வர்றீங்களா?